எங்கிருந்தும் எந்நேரமும்

காலை 10 மணி. இஞ்சிவிளை. தேசிய நெடுஞ்சாலை 66இல் களியக்காவிளை பஸ் ஒன்று ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் போகிறது. ரோட்டோரக் கடையின் ஷட்டர் முக்கால்வாசி ஏறி நிற்கிறது. மீதிக் கால்வாசிக்கு எல்லாரும் தலை குனிகிறார்கள்.

மேலே பலகை. மலையாளம் பெரிதாக. நடுவில் ஆங்கிலம். அடியில் தமிழ், இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருங்கி நிற்கின்றன. போட்டோஸ்டாட், லேமினேஷன், ஆதார், ரேஷன் கார்டு, பி.எஸ்.சி., பட்டா, வில்லங்கம், ஃப்ளைட் டிக்கெட்.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. கோடு விழுந்தபோது வீடு ஒரு பக்கமும் விளை மறுபக்கமும் ஆனவர்கள் உண்டு. பலகையில் பி.எஸ்.சி.க்கும் பட்டாவுக்கும் நடுவே இருப்பது ஒரு காற்புள்ளி.

உள்ளே சுவரில் வெள்ளைப் பெட்டி. எல்லாரும் அதை மோடம் என்கிறார்கள். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு, ஆயுத பூசைக்கு வைத்தது. அடியிலிருந்து பச்சைத் தலை வைத்த மெல்லிய வயர் இறங்கி ஜன்னல் ஓட்டை வழியாக வெளியே போகிறது. ஐந்து விளக்குகள். பவர், பச்சை. லேன், பச்சை. வைஃபை, பச்சை. பான், அணைந்திருக்கிறது. லாஸ், சிவப்பு. சிமிட்டுகிறது.

கடைக்காரி அதைப் பார்க்கிறாள். பிளக்கைப் பிடுங்குகிறாள். உதட்டை அசைத்துப் பத்து வரை எண்ணுகிறாள். மாட்டுகிறாள். ஐந்தும் ஒன்றாக மின்னி அடங்குகின்றன. லாஸ், சிவப்பு.

பெஞ்சில் மூன்று பேர். பெஞ்சுக்குச் சாய்மானம் கிடையாது.

ஓரத்தில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, மடியில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் பத்திர நகல். அவருக்கு வேண்டியது விளவங்கோடு தாலுகாவில் கிடக்கும் நிலத்தின் பட்டா, ஒரு பிரிண்ட்.

நடுவில் டீச்சர். பள்ளியின் தமிழ் மீடியம் வகுப்பு அவருடையது. பையிலிருந்து பள்ளி லேப்டாப்பை எடுக்கிறார். அதன் மூடியில் எண் எழுதிய ஸ்டிக்கர். கேரளப் பள்ளிகளின் சம்பூர்ணா தளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்ற வேண்டும்.

வாசல் பக்கம் ஒரு பையன். பி.எஸ்.சி. விண்ணப்பம், இன்று கடைசித் தேதி. வலது பெருவிரலில் பிளாஸ்திரி. ஆள்காட்டி விரலிலும் ஒன்று. கண் சிவந்திருக்கிறது, தூங்காத கண்.

“ராத்திரி 12 வரைக்கும் சமயம் உண்டு” என்கிறான். யாரும் கேட்கவில்லை.

மேசைமேல் விண்டோஸ் கம்ப்யூட்டர். மூலையில் சின்ன உலக உருண்டை, ‘இன்டர்நெட் இல்லை’ என்கிறது. சிக்கல் தீர்க்கும் பொத்தானைக் கடைக்காரி அழுத்துகிறாள். பச்சைக் கோடு இடமிருந்து வலம் ஓடுகிறது. மறுபடி ஓடுகிறது. சிக்கல் எதையும் கண்டறிய முடியவில்லை என்று பதில் வருகிறது. கீழே இன்னொரு கேள்வி: இது உதவியாக இருந்ததா?

டீச்சர் லேப்டாப்பில் லேன் வயரைச் செருகுகிறார். உள்ளே இருப்பது கைட் தந்த உபுண்டு. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி வருடங்கள் ஆகின்றன, பழைய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் ஆனது. திரையின் மேல்மூலையில் வயர் படம் வருகிறது. படத்தின்மேல் ஒரு கேள்விக்குறி.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். மேலறையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர் இறங்கி வருகிறார். விருந்தில் பாயசத் தட்டு கொண்டு வருபவர்போலத் திறந்த மேக்கை ஒரு உள்ளங்கையில் ஏந்தியிருக்கிறார். ஓரத்தில் வெள்ளை லேன் அடாப்டர் தொங்குகிறது, அதன் வயர் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. திரையில் பச்சைப் புள்ளி, பக்கத்தில் ‘இணைக்கப்பட்டது’.

“என்கிட்ட கனெக்டட்னுதான் காட்டுது. ஒண்ணும் போகமாட்டேங்குது.”

மேக் பொய் சொல்லவில்லை. சுவர்ப் பெட்டி வரைக்கும் இணைப்பு இருக்கிறது. பெட்டி முகவரி கொடுக்கிறது, மேக் வாங்கிக்கொள்கிறது. பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது பச்சைப் புள்ளியின் பொறுப்பில் இல்லை.

“எங்க ஸ்கூல்ல சர்வர் கம்ப்ளைன்ட்னா இப்பிடித்தான் வரும்” என்கிறார் டீச்சர்.

“வைரஸ்” என்கிறான் பையன்.

“நேத்து மழை பெஞ்சுதுல்லா” என்கிறார் பெரியவர்.

கடைக்காரி போனில் கஸ்டமர் கேரை அழைக்கிறாள். மலையாளத்துக்கு 1. ஒரு பாட்டு. மோடத்தை அணைத்துவிட்டு மீண்டும் போடும்படி பதிவுக்குரல் சொல்கிறது. போனைத் தோளில் இடுக்கியபடி பிளக்கைப் பிடுங்குகிறாள். உதடு எண்ணுகிறது.

அக்கா மகன் வருகிறான். பதினேழு, பதினெட்டு வயது. காதில் இயர்போன். பெட்டியைப் பார்க்கிறான், போனில் யூடியூபைப் பார்க்கிறான், மறுபடி பெட்டியைப் பார்க்கிறான். சிம் குத்தும் ஊசியை வாங்கிப் பெட்டியின் பின்னால் இருக்கும் சிறு துளையில் விடுகிறான். பத்து நொடி அழுத்துகிறான். ஐந்து விளக்குகளும் அணைகின்றன. பெஞ்சு நிமிர்ந்து உட்காருகிறது.

“லே மக்கா, என்னத்த அமுக்கினே?”

“ரீசெட் சித்தி. யூடியூப்ல அப்பிடித்தான் சொல்லுகான்.”

இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தில்தான் மூன்று இயந்திரங்களும் தங்கள் குணத்தைக் காட்டுகின்றன. மேசைக்கு அடியில் எட்டு ஓட்டை ஸ்விட்ச் ஒன்று கிடக்கிறது, மூன்றின் வயரும் அதில்தான், மேலே தூசி, விளக்குகள் உயிரோடு. அதனால் வயரில் மின்துடிப்பு இருக்கிறது. முகவரி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மேக் கேட்டுப் பார்க்கிறது. பதில் இல்லை. தனக்குத் தானே ஒரு முகவரி சூட்டிக்கொள்கிறது: 169.254 என்று தொடங்கும் எண். பச்சைப் புள்ளி மஞ்சளாகிறது. மேக்கும் விண்டோஸும் இந்த வித்தையை 1998இலேயே கற்றுக்கொண்டன. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போக முடியாது.

உபுண்டு காத்திருக்கிறது. வயர் படம் சுழல்கிறது. 45 நொடி. பிறகு திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கி, இணைப்பு முயற்சி தோற்றது என்று அறிவிக்கிறது. மறுபடி சுழல்கிறது.

விண்டோஸ் அசையவில்லை. அதற்கு எவரோ எப்போதோ நிரந்தர முகவரி எழுதி வைத்திருக்கிறார்கள், 192.168.1.10. எவரிடமும் அது எதையும் கேட்பதில்லை.

பெட்டி விழிக்கிறது. ரீசெட்டில் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. யூசர் நேம், பாஸ்வேர்டு, வைஃபையின் பெயர். வீட்டுக்குள் கொடுக்கும் எண் வரிசைகூட 192.168.100 ஆகிவிட்டது. மறக்காமல் வைத்திருப்பது ஒன்றுதான். லாஸ், சிவப்பு.

அக்கா மகன் இயர்போனை மறுபடி காதில் வைக்கிறான். அம்மா கூப்பிடுகிறாள் என்று கிளம்புகிறான்.

கடைக்காரி மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போடுகிறாள். மேசையருகே ஒரு கோடு. வாசலில் இரண்டு. ரோட்டோரம் போனால் நாலு, ஆனால் அது தமிழ்நாட்டு டவர். போன் கிணுங்குகிறது: தமிழ்நாட்டுக்கு நல்வரவு. உள்ளே வந்தால் இன்னொரு கிணுங்கல்: கேரளத்துக்கு நல்வரவு. போனை வாசற்படியில் செங்கல்மேல் நிறுத்துகிறாள். தமிழ்நாட்டு அரசின் சேவைப் பக்கம் பாதி திறக்கிறது. ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற தலைப்பு வருகிறது. அதற்குக் கீழே வெள்ளை. நடுவில் ஒரு வட்டம் சுற்றுகிறது.

பெரியவர் வட்டத்தைப் பார்க்கிறார். கவரைத் திறந்து பத்திர நகல் இருக்கிறதா என்று பார்க்கிறார். மூடுகிறார்.

“பாட்டா, டீ குடிச்சிட்டு வாங்களேன். ஆள் வருகான்.”

“நான் இருந்துக்கிடுகேன் மக்ளே.”

12 மணி தாண்டி ஆள் வருகிறான். பைக்கின் பின்னால் வயர்ச்சுருள், பக்கவாட்டில் மடக்கு ஏணி, முதுகில் பை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்கிறான்.

“சேச்சி, ரெட் லைட்டு உண்டோ?”

“உண்டு.”

திருப்தியான பதில். ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். கம்ப்யூட்டர்களை அவன் பார்க்கவில்லை. மேக்கை நீட்டுகிறார் டிசைனர். அவன் தலையாட்டிவிட்டுச் சுவருக்குப் போகிறான். பச்சைத் தலையைப் பெட்டியிலிருந்து உருவுகிறான். முனையைத் தன் முகத்துக்கு நேரே பிடிப்பதில்லை. மஞ்சள் மீட்டரில் செருகுகிறான். மீட்டர் மைனஸ் 38 என்கிறது.

மைனஸ் 27 வரை பெட்டிக்குக் காது கேட்கும். போன வாரம் எடுத்த எண் அவன் போனில் இருக்கிறது, மைனஸ் 19. மூன்று டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதி. பத்தொன்பது குறைந்திருக்கிறது. வர வேண்டிய வெளிச்சத்தில் எண்பதில் ஒரு பங்கு இந்த முனைக்கு வந்து சேர்கிறது. வெளிச்சம் என்றாலும் கண்ணுக்குத் தெரியாத வகை. இறங்குவது 1490 நானோமீட்டர், ஏறுவது 1310. மனிதக் கண் சுமார் 700இல் நின்றுவிடுகிறது.

பேனா போன்ற கருவியை வயரில் மாட்டிப் பொத்தானை அமுக்குகிறான். அது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, 650. ஜன்னல் வரை வெள்ளை வயரில் எங்கும் சிவப்பு கசியவில்லை. உள்ளே குற்றமில்லை. வெளியே வயர் கறுப்பு. இனி நடக்க வேண்டியதுதான்.

நடக்கிறான். கழுத்து அண்ணாந்திருக்கிறது. வயர் ஜன்னலிலிருந்து மதிலுக்கு, மதிலிலிருந்து பலாமரத்துக் கொக்கிக்கு, அங்கிருந்து கே.எஸ்.இ.பி. போஸ்ட்டுக்கு. போஸ்ட்டில் மேலே கரண்ட். அதற்குக் கீழே கேபிள் டி.வி., கம்பெனிகளின் ஃபைபர்கள், சுருட்டிக் கட்டி மறந்துபோன சுருள்கள். 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்த கே-ஃபோனும் மாநிலம் முழுக்க இப்படிப்பட்ட போஸ்ட்டுகளின் மேல்தான் போகிறது.

எல்லாவற்றுக்கும் கீழே தோரணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. புத்தம் புதிது, ஒரு மழைகூட நனையாதது. நேற்று ராத்திரி கட்டியது. போஸ்ட்டிலிருந்து போஸ்ட்டுக்கு, வளைவு வரைக்கும். காற்றில் படபடக்கிறது. படபடக்கும்போதெல்லாம் கறுப்பு வயர் கூடவே இழுபடுகிறது.

அவன் நிற்கிறான். தோரணக் கயிற்றைப் போஸ்ட்டில் கட்டியவர்கள் பிடிமானம் போதாது என்று வயரையும் சேர்த்துப் பைண்டிங் கம்பியால் முறுக்கியிருக்கிறார்கள். பலமான முறுக்கு. வயர் அங்கே கூர்மையாக மடங்கியிருக்கிறது.

ஏணியை நிறுத்துகிறான். ரோடு சரிவு, ஏணி ஆடுகிறது. பெஞ்சிலிருந்து பி.எஸ்.சி. பையன் எழுந்து வருகிறான். கேட்காமலே ஏணியைப் பிடிக்கிறான். இடது கையால் பிடிக்கிறான். வலது கை பாக்கெட்டில்.

மேலே கட்டிங் பிளேயர் இரண்டு முறை கடிக்கிறது. கம்பித் துண்டு கீழே விழுந்து பையனின் செருப்பருகே கிடக்கிறது. அவன் அதைப் பார்க்கவில்லை. தோரணத்தைத் தனியாக, தளர்வாகக் கட்டிவிட்டு வந்தவன் இறங்குகிறான். மடங்கிய இடத்தை விரலால் நிமிர்த்துகிறான். நிமிரவில்லை. வெட்டுகிறான்.

மதில்மேல் பையைப் பரப்புகிறான். லஞ்ச் பாக்ஸ் அளவில் ஒரு இயந்திரம். முதலில் சின்னக் கண்ணாடிக்குழல் போன்ற ஸ்லீவை வயரில் கோக்கிறான். அதை மறந்தால் எல்லாம் முடிந்தபின் மறுபடி வெட்ட வேண்டும். கறுப்புத் தோலை உரிக்கிறான். இரும்புக் கம்பியை ஒதுக்குகிறான். உள்ளே 250 மைக்ரான் இழை. அதன் மேல்பூச்சையும் ஸ்ட்ரிப்பர் உருவி எடுக்கிறது. மீதி 125 மைக்ரான், வெறும் கண்ணாடி. வெளிச்சம் ஓடும் வழி அதற்கும் உள்ளே, 9 மைக்ரான். ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைக்கிறான். துடைக்கும்போது கண்ணாடி கிறீச்சிடுகிறது. கிறீச்சிட்டால் சுத்தம்.

கிளீவரில் வைத்து ஒரு தட்டு. நறுக்கிய துண்டு கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அவன் அதைத் தேடி எடுத்து ஒட்டுநாடாவில் ஒட்டுகிறான். மதில்மேல் ஒரு பூனை வருகிறது. விரட்டுகிறான்.

இரண்டு முனைகளையும் பள்ளத்தில் படுக்கவைத்து மூடியை இறக்குகிறான். சின்னத் திரையில் இரண்டு சாம்பல் தூண்கள் எதிரெதிரே நகர்கின்றன. நிற்கின்றன. தாமாகவே மேல் கீழ் சரிசெய்துகொள்கின்றன. ஒரு மின்னல். ஒரே தூண். திரையின் அடியில் எண்: 0.02.

ஸ்லீவை இழுத்து மூட்டின்மேல் வைத்து இயந்திரத்தின் பின்பக்கச் சூட்டில் வைக்கிறான். அது சுருங்கும்வரை ஒரு பீடிக்கு நேரம் இல்லை. கீழே குனிந்து பைண்டிங் கம்பித் துண்டை எடுக்கிறான். விரல்களுக்கு நடுவே உருட்டுகிறான். ஏணியை மடக்கிக்கொண்டிருக்கும் பையனின் வலது கை வெளியே வந்திருக்கிறது. பெருவிரல் பிளாஸ்திரி. ஆள்காட்டி விரல் பிளாஸ்திரி. வந்தவன் கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.

கடைக்குள் மீட்டர் மைனஸ் 19.4 என்கிறது. பச்சைத் தலை பெட்டிக்குள் சொடுக்கென்று போகிறது. லாஸ் அணைகிறது. பான் மின்னுகிறது, மின்னுகிறது, நிலைக்கிறது.

“வந்தாச்சு” என்கிறார் பெரியவர். எழுந்து நிற்கிறார்.

வரவில்லை.

பெட்டி பழையதெல்லாம் மறந்த பெட்டி. அவன் டீச்சரின் லேப்டாப்பை வாங்கி, பெட்டிக்குள் நுழைந்து, போனைப் பார்த்து யூசர் நேம் அடிக்கிறான். பாஸ்வேர்டு. தவறு. சின்ன ‘எல்’லா, எண் ஒன்றா? தவறு. ஒன்றுதான். திரையின் மேல்மூலையில் கேள்விக்குறி மறைகிறது.

டீச்சர் லேப்டாப்பைத் திரும்ப வாங்குகிறார். சம்பூர்ணா திறக்கிறது. பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக.

விண்டோஸில் உலக உருண்டை அப்படியே. நெட்வொர்க் பட்டியலைத் திறக்கிறான். முகவரிப் பக்கம். 192.168.1.10 உட்கார்ந்திருக்கிறது, பெட்டி இப்போது இருப்பதோ 100ஆம் வரிசையில்.

“இது யாரு வெச்சது?”

“முன்னே வந்த பையன்.”

தலையாட்டுகிறான். எந்தக் கடையிலும் வைத்தது முன்னே வந்த பையன்தான். ‘தானாகப் பெறுக’ என்ற வட்டத்தில் ஒரு புள்ளி வைக்கிறான். சரி. சரி. உருண்டை மறைந்து குட்டிக் கம்ப்யூட்டர் படம் வருகிறது.

ஒவ்வொன்றும் தன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் நம்புகிறது. விண்டோஸ் மைக்ரோசாஃப்டிடம் ஒரு சிறு கோப்பு கேட்கிறது. ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் வந்தால் இன்டர்நெட் உண்டு. மேக் ஆப்பிளிடம் கேட்கிறது. ‘சக்ஸஸ்’ என்று வர வேண்டும். உபுண்டு உபுண்டுவிடம். ஆண்ட்ராய்டு போன் கூகுளிடம் கேட்கிறது. அதற்கு எதுவுமே வரக் கூடாது, 204 என்ற எண்ணும் வெறுமையும் வந்தால் நிம்மதி.

மேக்கில் இப்போது சிவப்புப் புள்ளி. இணைக்கப்படவில்லை. டிசைனர் சிஸ்டம் செட்டிங்ஸைத் திறக்கிறார், மூடுகிறார், ரீஸ்டார்ட் செய்கிறார். மேக்குக்கு இப்படியெல்லாம் வராது என்கிறார். வந்தவன் அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். லேன் வயரின் நாக்கு உடைந்திருக்கிறது. வயர் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. மேசைமேல் கிடந்த லேமினேஷன் வெட்டுத் துண்டு ஒன்றை மடித்து இடுக்கில் சொருகுகிறான். பச்சை.

வேகம் 100 எம்.பி. எட்டுக் கம்பியும் தொட்டால்தான் 1 ஜி.பி.; நாலு தொட்டாலே 100 ஓடும். கடையின் பிளான் 100. கல்யாண ஆல்பம் மேலேறத் தொடங்குகிறது. மணப்பெண் கோபுரத்தைப் பார்க்கிறாள், ஒரு விழுக்காடு.

பிரிண்டர் இருமுகிறது. பட்டா ஒரு பக்கம். பெரியவர் தாளைத் தூரமாகப் பிடித்துத் தன் பெயரைப் படிக்கிறார். அப்பா பெயரைப் படிக்கிறார். சர்வே எண்ணைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்கிறார். மடிக்காமல் கவருக்குள் வைக்கிறார். இருபது ரூபாய்.

புகாரை முடிக்க வேண்டும். வந்தவனின் போனில் ஒரு பக்கம், அதற்கு ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. பதிவுசெய்த எண்ணுக்குப் போகிறது. பதிவுசெய்த எண் கடைக்காரியின் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஷார்ஜாவில்.

“இப்பம் டூட்டியில இருப்பாரு.”

வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். ஒரு டிக். இரண்டு டிக். அங்கே மணி ஒன்றரை மணி நேரம் பின்னால். வந்தவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். அடுத்த புகார் உதியன்குளங்கரையில், போன் துடிக்கிறது. எடுக்கவில்லை. இந்தப் புகார் மூடாமல் அந்தப் புகார் திறக்காது.

இரண்டு டிக்கும் நீலமாகின்றன. நாலு எண்கள் வருகின்றன. அதற்குக் கீழே: ‘என்ன ஆச்சு?’

அடுத்த பக்கம், காரணம். கீழே இழுத்தால் பட்டியல். ரோட்டு வேலை. வாகனம். மரக்கிளை. பிராணி. வெளியாள் சேதம். வாடிக்கையாளர் கருவி.

விரல் பட்டியலின் மேலும் கீழும் போகிறது. விண்டோஸின் முன் பி.எஸ்.சி. பையன் உட்கார்ந்திருக்கிறான். பிளாஸ்திரி போட்ட விரலால் பிறந்த தேதியை அடிக்கிறான். தவறாக விழுகிறது, அழிக்கிறான், அடிக்கிறான்.

விரல் ‘பிராணி’யில் இறங்குகிறது.

“என்னதான் ஆச்சு? அவர் கேட்கிறாரு” என்கிறாள் கடைக்காரி.

“அணிலு, சேச்சி.”

“அணிலா! இந்தப் பலாவுல நாலஞ்சு உண்டு. நான் அப்பமே நினைச்சேன்.”

அவள் அதை ஷார்ஜாவுக்கு வாய்ஸ் மெசேஜாகச் சொல்கிறாள், சற்று விரிவாக. பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்தவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வாசலுக்குப் போகிறான், ஷட்டருக்குத் தலை குனிகிறான், பைக்கை உதைக்கிறான். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று விண்டோஸ் சொல்கிறது. பிரிண்ட் வேண்டுமா என்று கடைக்காரி கேட்கிறாள். ரெண்டு காப்பி என்கிறான்.